கப்பல் வேலைக்கு இறந்தகாலம்

12 ஜனவரி 2010
ஜங்லிகாட் ஒர்க்‌ஷாப்பில் ஒரு டிங்கிப் படகு என்ஜினைப் பிரித்துப் பூட்டினேன். அது புரிகிறது. இங்கிலீஷ் புரியவில்லை. ஓப்பன் என்றால் ஓப்பண்ட், வாஷ் என்றால் வாஷ்ட், சரி. கோ மட்டும் ஏன் வென்ட்? எந்த நட்டுக்கு எந்த போல்ட்?

ஹேவ்லாக் தீவுக்குப் போகும் புது தனியார் கப்பலுக்கு என்ஜின் ரூமில் ஒரே ஒரு ஆள் எடுக்கிறார்கள். இன்டர்வியூ முழுக்க இங்கிலீஷாம். நானும் ஜெரினும் மனு போட்டிருக்கிறோம். ஐடிஐ-யில் இருந்தே கூட்டாளி. அவனுக்கு இங்கிலீஷ் வரும், எனக்கு என்ஜின் வரும். சாயங்காலம் மின்னி பே கடற்கரையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லித் தருவதாகப் பேச்சு.

15 ஜனவரி
"டிட் வந்துட்டா வென்ட் வராதுல. டிட் யூ கோ. மண்டையில ஏத்து."
"ஏன் வராது?"
"ஏன்னு கேக்க இது என்ன கார்புரேட்டரா?"

20 ஜனவரி
கட்டாயம் கேட்பார்களாம்: ஆபத்து நேரத்தில் என்ன செய்தாய்? ஜெரினுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு இருக்கிறது. கச்சால் தீவில் சுனாமி அலை வந்த பிறகு, மேட்டு முகாமில், கடல் தண்ணீர் குடித்த ஜெனரேட்டரைப் பிரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, அடுப்பு மூட்டிக் காயவைத்து ஓட்டினேன். ஜெரின் அதை வாக்கியம் வாக்கியமாக மாற்றினான். ஓப்பண்ட், வாஷ்ட், ட்ரைட், ஸ்டார்ட்டட். "இதச் சொல்லு, எந்திரிச்சு நின்னு வேலையக் குடுப்பான்."

22 ஜனவரி
தங்கச்சி புஷ்பாவைப் பற்றியும் சொன்னேன். இன்டர்வியூவுக்கு இல்லை. சும்மா வந்துவிட்டது. ஜெனரேட்டர் ஓடி விளக்கு எரிந்ததும்தான் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். தங்கச்சி பெயருக்கு யாரும் வரவில்லை. ஜெரின் என் தோளில் கை வைத்தான். அது போதும்.

2 பிப்ரவரி
இன்டர்வியூ. பேர் வரிசையில் கூப்பிட்டார்கள். ஜெரின் முன்னால், நான் கடைசி. ஒரு திக்கல் இல்லை. ஓப்பண்ட் என்றேன், வாஷ்ட் என்றேன். நடுவில் இருந்த அதிகாரி கையைக் காட்டினார். "பஸ், பஸ், பாய்." போதுமாம். இந்தக் கதையைக் காலையிலேயே ஒரு பையன் சொல்லிக் கேட்டாகிவிட்டதாம். பக்கத்தில் இருந்த மேடம் இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். அந்தப் பையன் தங்கையைப் பறிகொடுத்தவன், அவன் கதையை நீ திருடலாமா என்று.

எழுந்து வந்துவிட்டேன்.

ஜெனரேட்டர எடுத்துக்க. வேலைய எடுத்துக்க. என் தங்கச்சிய எதுக்குடா எடுத்த?

3 பிப்ரவரி
இழந்தேன், இழந்தான் — தமிழில் யார் என்று வினையே சொல்லிவிடும். இங்கிலீஷில் லாஸ்ட்தான். யார் வாய்க்கும் பொருந்தும்.

9 பிப்ரவரி
ஜெரினுக்கு வேலை. அவன் தங்கச்சி ஆக்சிலியா கேக் கொண்டுவந்தாள். "நீங்கதான் எல்லாம் சொல்லிக் குடுத்தீங்கன்னு அண்ணன் சொல்லிச்சு, யோகண்ணே." அவளுக்கு ஒன்றும் தெரியாது. வாங்கிக்கொண்டேன். தின்னவில்லை.

14 மார்ச்
ஹேவ்லாக் ஜெட்டியிலிருந்து ஜெரின் போன். கப்பல் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. உள்ளே புழுக்கத்தில் பிள்ளைகள் அழுவது எனக்கே கேட்டது.

"உனக்குத்தான் தெரியுமேன்னு எல்லாரும் என்னய பாத்துட்டு நிக்காங்க. என்னல செய்யணும்? சொல்லுல யோகு."

போனை வைத்திருக்கலாம். "தங்கச்சி பேரு என்னன்னு இன்டர்வியூல கேட்டாங்களா?" என்றேன்.

"...கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"ஆக்சிலியான்னு."

கேக் கொண்டுவந்த கை கண்ணில் நின்றது. இவனைக் காறித் துப்பக்கூட எனக்குத் தோன்றவில்லை.

டீசல் பில்டர் மேல் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தச் சொன்னேன். நுரை நிற்கும்வரை கைப்பம்பை அடி. இறுக்கு. இப்ப ஸ்டார்ட் பண்ணு. ஓடியது, சத்தம் கேட்டது. அவன் ஏதோ சொல்ல வந்தான். கட் செய்தேன்.

2 ஏப்ரல்
திக்லிபூர் ஐஸ் பேக்டரியில் வேலை கிடைத்துவிட்டது. கதை கேட்கவில்லை. கம்ப்ரஸரைக் காட்டி, "சலா கே திகாவ்" என்றார்கள். ஓட்டிக் காட்டினேன்.

நாளைக்கு பஸ். சிம்மை மாற்றிவிட்டேன். ஒர்க்‌ஷாப்பில் கணக்கு முடிக்கப் போனபோது முதலாளி அந்தோணிமுத்து சொன்னார்: "ஜெரின் பய மறுபடி போன் பண்ணினான், உன் புது நம்பர் வேணுமாம். என்னன்னு சொல்லட்டும்?"

"யோகராஜ்னு ஒருத்தன் இங்க இருந்தான்னு சொல்லுங்க" என்றேன்.