அந்த மூன்று வாரம் நான் ஏன் வரவில்லை

அன்புள்ள ஹென்னி ஆன்ட்டிக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஆறு வாரம் ஆகிறது. உங்கள் மகன் பீட்டர் வீட்டை விற்கப் போகிறார். மகா பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் போகும்போதெல்லாம் உங்கள் ஜன்னலைப் பார்த்து, "வென் இஸ் ஆன்ட்டி கமிங் பேக்?" என்று கேட்கிறாள்.

உங்களுக்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. மகா பிறந்த புதிதில் மூன்று வாரம் உங்கள் வீட்டுப் பக்கமே நான் வரவில்லை. குழந்தைக்குச் சளி என்று சொன்னேன். அது பொய்.

நாங்கள் ஈரோட்டிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு எட்டாம் மாதம். பிரசவத்துக்கு வர வேண்டிய அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் செந்திலுக்கு ஜெர்சி சிட்டியில் பேங்க் காண்ட்ராக்ட்; விடிந்ததும் ரயிலுக்கு ஓடிவிடுவார். குப்பை போட வந்த இடத்தில் நின்று அழுதுகொண்டிருந்த என்னை, பெயர்கூடக் கேட்காமல், கையைப் பிடித்து உங்கள் சமையலறைக்குக் கூட்டிப் போனீர்கள்.

அங்கேதான் உங்கள் கதையைக் கேட்டேன். யுத்தம் முடிந்த சில வருஷத்தில் ஹாலந்திலிருந்து கப்பலேறியபோது உங்களுக்குப் பதினோரு வயது. வீட்டுச் சாமான் முழுவதும் ஒரே மரப்பெட்டியில். ஊரில் வாத்தியாராக இருந்த அப்பா, இங்கே இங்கிலீஷ் வராமல் மாட்டுப் பண்ணையில் பால் கறந்தார். அந்தப் பெட்டியைப் பிரித்துத்தான் சாப்பாட்டு மேஜை செய்தாராம். வந்த ஆறாம் மாதம் உங்கள் தம்பி பிறந்தான். அம்மாவுக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்க அக்கம்பக்கத்தில் ஒரு மனுஷி இல்லை.

"பதினோரு வயசுல நான்தான் எல்லாம் பண்ணேன். பாதி தப்பாப் பண்ணேன். உனக்குச் சரியாப் பண்றேன்" என்றீர்கள்.

சொன்னபடியே செய்தீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டியது நீங்கள். பத்து மணி ஆனால் காபியோடு வந்து நிற்பீர்கள். ஒரு பிஸ்கட் கொடுத்ததும் டப்பாவை மூடிவிடுவீர்கள். "இன்னொண்ணு எடுத்துக்கோன்னு வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டாங்களா?" என்று செந்தில் கிண்டல் செய்வார். யுத்த காலப் பசியில் மாட்டுத் தீவனக் கிழங்கைத் தின்று வளர்ந்தவர் நீங்கள் என்று அவரிடம் நான் அப்போது சொல்லவில்லை.

குழந்தை பிறந்ததற்கு உங்கள் வழக்கப்படி ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, சர்க்கரை பூசிய சோம்பைத் தூவிக் கொண்டுவந்தீர்கள். எனக்குத் தின்னப் பயம். போனில் அம்மாவிடம் கேட்டேன். "சோம்பா? பால் நல்லாச் சுரக்கும் கண்ணு, தின்னு. அந்தம்மா வெவரமானவங்கதான்" என்றாள். அதற்குப் பிறகு அம்மாவுக்கு என் கவலை பாதி விட்டது.

இரண்டு மாதம் கழித்து முதல்முறையாக மகாவைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தோம். பாத்ரூமுக்குப் போன செந்தில் முகம் மாறித் திரும்பி வந்தார். நானும் போய்ப் பார்த்தேன். கம்மோடுக்கு நேர் எதிரே ஒரு காலண்டர். அதில் உங்கள் கையெழுத்தில் மகாலட்சுமி என்று எழுத்துக் கூட்டி முழுசாக எழுதியிருந்தீர்கள்.

"சாமி பேரு வச்ச புள்ள. அந்தப் பேரைக் கொண்டு போயி கக்கூசுல எழுதி வச்சிருக்காங்க" என்று வீடு வந்ததும் பொருமினார். எனக்கும் சுருக்கென்றது. காலண்டர் என்றால் நாங்கள் ஹாலில், பிள்ளையார் படத்தோடு அல்லவா மாட்டுவோம்? உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீங்கள் மூன்று வாரமும் வாசலில் சூப் வைத்துவிட்டுப் போனீர்கள். அதை வெட்கமில்லாமல் குடித்தேன்.

பிறகு வந்தேன், பழகினேன். ஆனாலும் அந்த பாத்ரூமுக்கு மட்டும் மறுபடி போகவே இல்லை. மனசின் ஓரத்தில் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

போன சனிக்கிழமை பீட்டர் சாமான்களை ஒழிக்கும்போது நான் உதவிக்குப் போனேன். அவர் அந்தக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். எந்த வருஷத்துக்கும் பொருந்துகிற, பிறந்தநாள் மட்டும் குறிக்கிற காலண்டராம். தினமும் கண்ணில் பட்டு ஒருவரையும் மறக்காமல் இருக்க, டச்சு வீடுகளில் அங்கேதான் மாட்டுவார்களாம். "அம்மா கண்டிப்பானவங்க. சொந்தம்னு நினைச்சவங்களை மட்டும்தான் எழுதுவாங்க. எங்க அத்தைங்க ரெண்டு பேர் இதுல கிடையாது" என்று சிரித்தார்.

மொத்தம் ஒன்பது பெயர். புரட்டினேன். ஆகஸ்டில் செந்தில். நவம்பரில் நான். மகாவின் பெயரை எழுதிய அதே பேனா, அதே மை. நாங்கள் கோபித்துக்கொண்டு போன அன்றைக்கே மூன்று பேரும் அதில் இருந்திருக்கிறோம். ஒவ்வொரு நவம்பரிலும் சொல்லாமலே கேக்கோடு எப்படி வந்து நின்றீர்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

செந்திலிடம் சொன்னேன். "தப்புப் பண்ணிட்டோம் சுமதி" என்றார்.

ஆன்ட்டி, என்னை மன்னித்துவிடுங்கள். நான் விலகி இருந்த நாட்களிலும் என்னை உங்கள் வீட்டில் வைத்திருந்ததற்கு நன்றி. மார்ச்சில் உங்கள் பிறந்தநாள் வரும். ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் அவர் வீட்டார் அனைவருக்கும் வாழ்த்துச் சொல்வது உங்கள் வழக்கம் என்று பீட்டர் சொன்னார். ஒவ்வொரு மார்ச்சிலும் அவருக்கு போன் செய்து வாழ்த்துச் சொல்வேன். அவர் எனக்குத் திருப்பிச் சொல்லும்போது, கூச்சப்படாமல் வாங்கிக்கொள்வேன்.

உங்கள் வீட்டுப் பெண்,
சுமதி