ஞாயிற்றுக்கிழமை மலை

என் வீட்டுக்காரருக்கு,

ஏங்க, நல்லா இருக்கீங்களா என்று கேட்க வாய் வருகிறது. நீங்கள் போய்ச் சேர்ந்த பின்னும் பழக்கதோஷம். நீங்கள் படம் வரைந்த தூரிகைகளை நான் கழுவவே இல்லை; விறைத்துப்போய்க் கிடக்கின்றன. திட்டுவீர்கள் என்று தெரியும். வந்து திட்டுங்களேன்.

போன வாரம் ஹோட்டல் முதலாளி நம் லயத்து வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். நீங்கள் கடைசியாக வரைந்த படம் வேண்டுமாம். வரவேற்பறையில் மாட்டி, கீழே உங்கள் பெயரைப் பெரிதாக எழுதி வைப்பாராம். இத்தனை வருடம் உங்கள் படங்களைப் பெயரில்லாமல் மாட்டிய மனுஷர்! கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம்தான் சொன்னார்: "படத்துல மலையில நிக்கிற அந்த ஆள் மட்டும் வேணாங்க. வேற ஒருத்தர்கிட்ட குடுத்து, தேயிலை வரைஞ்சு மூடிருவேன். மொகங்கூட முடிக்கலையே, யாருன்னே தெரியலையே."

தெரியலையாம்! படத்தில் இருப்பவளின் இடுப்பில் நீலம் இருக்கிறதே. எல்லாரும் உரச்சாக்கைப் படங்காக இடுப்பில் கட்டியிருக்க, நீல ரப்பர் சீட்டைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிப்பவள் இந்தத் தோட்டத்தில் நான் ஒருத்திதானே.

நம் சண்டை ஞாபகம் இருக்கிறதா? டவுன்காரர்களுக்கு மலை என்றால் பார்க்கிற இடம். நமக்கு வேலைக்குப் போகிற இடம். ஹோட்டலுக்காக நீங்கள் ஆளே இல்லாமல் வரையும்போதெல்லாம், "என்னங்க இது, ஞாயித்துக்கெழமை மலையா? காலைப் பெரட்டுல ஆள் கணக்கெடுத்துட்டு, வேலை இல்லன்னு எல்லாரையும் திருப்பி அனுப்பிட்டாங்களா?" என்று வாயடிப்பேன்.

"வாங்குறவன் அப்படித்தான் கேக்குறான் புள்ள" என்று சிரிப்பீர்கள். ஆனால் அன்றைக்கு உங்களுக்குச் சோறு இறங்காது.

கடைசியில் எனக்கே தெரியாமல் என்னை அங்கே நிறுத்திவிட்டீர்களே, பாவி மனுஷா.

படத்தைத் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். நம் மகள் மலர் கொழும்பிலிருந்து போனில் சத்தம் போட்டாள். "அப்பா பேரு அங்க இருக்க வேணாமா? அதுக்குத்தானேம்மா அவரு ஏங்கினாரு?"

அவள் கேட்பதும் நியாயந்தான். உங்களுக்கு வந்த பெயரை நான் தட்டிவிட்டேனா? கொழுந்து பறிக்கும்போதும் இதே நினைப்பு, கங்காணி அதட்டுகிறார்.

நேற்று உங்கள் தூரிகையில் ஒன்றை மட்டும் மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். படத்தின் கீழே உங்கள் பெயரை எழுதினேன். கட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூட வாயால் சொல்லாத பெயர். எழுத்து கோணலாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் முடிக்காத முகத்தில், நான் இருக்கும்வரை வேறு கை படாது. நாளைக்கு நீங்கள் வரைந்த அந்த மலையில்தான் எனக்கு வேலை. நீலப் படங்கைக் கட்டிக்கொண்டு போவேன்.

உங்கள் வீட்டுக்காரி,
சரோஜா