இனி கை மட்டும்

அன்பு மகனுக்கு ஸலாம்.

போனில் பேசினால் உம்மா பக்கத்திலேயே இருப்பாள். அதனால் துபாய்க்குத் திரும்பும் யாசிர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் கருவாட்டுக் கடைக்காக எடுக்கும் சமையல் வீடியோவில் உம்மாவின் முகம் ஏன் வருவதில்லை என்று கேட்டாய். புது மாதிரி எடுக்கிறோம், கை மட்டும் போதும் என்றேன். பாதி வியாபாரம் அவள் சிரிப்பில்தான் நடந்தது என்று எனக்குத் தெரியாதா? முகத்தைக் காட்டினால் கமெண்டில் நோயின் பெயரைக் கேட்கிறார்கள், மக்கா.

நாகர்கோவில் டாக்டர் இனி மருந்தில்லை, அழைத்து வரவேண்டாம் என்றார். குணமாகிவிட்டது என்று அவளிடம் சொன்னேன்.

நேற்று படம் எடுக்கும்போது சட்டி அவள் கையிலிருந்து நழுவியது. கேமராவை அணைத்தேன்.

“நிறுத்தாதீங்கோ. இனி நீங்க கறி வையுங்கோ, நான் சொல்லித் தாரேன்” என்றாள்.

“ஆம்பள கையப் பாத்தா ஆளுவ கேப்பாவளே?”

சிரித்தாள். “கேக்கட்டு. அப்பம் உள்ளதச் சொல்லிருங்கோ.”

அந்தக் கேள்வி வருமுன் நீ வரவேண்டும். டிக்கெட் போட்டுவிட்டேன். முதலாளியிடம் லீவு கேட்காதே, சொல்லிவிட்டு வா.

உன் வாப்பா