மழையைப் பற்றி மட்டும் எழுதுகிறாள்

ஜூன் 11

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உங்கள் பள்ளிகளின் தாளாளர் நேற்று நம் கடைக்கு வந்தார். கணக்கு டீச்சரைப் பற்றி நீ போன கடிதத்தில் எழுதியிருந்ததை அவரிடம் சொல்லிவிட்டேன்.

முகத்தைச் சுளிக்காதே, முழுதும் படி. ஐந்து பள்ளிகளுக்கும் ஜன்னல் கண்ணாடி மாற்றப்போகிறாராம். நீதான் நம் கடையைச் சொன்னாயாம். நாற்காலி போட்டேன், டீ வாங்கிக் கொடுத்தேன். பேச்சோடு பேச்சாக ஆரம்பித்தார். "உங்க வீட்டுக்காரம்மா எங்க டீச்சருங்களுக்கே டீச்சர். ஆனா எந்த கிளாஸ்ல என்ன நடக்குதுன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறாங்க. சம்பளம் குடுக்கிறவன் நான், எனக்குத் தெரிய வேண்டாமா?"

நியாயமாகத்தான் பட்டது. கண்ணாடி அறுக்கிறவர்களில் யாருக்குக் கை நடுங்குகிறது என்று எனக்குத் தெரியாவிட்டால் கடை நடக்குமா? "கணக்கு டீச்சருக்கு, ரெண்டாவது பெஞ்ச் தாண்டினா குரல் தொலைஞ்சு போயிடுதாம். பாவம், ஏதாவது பாத்து செய்யுங்க" என்று சொன்னேன். நல்லதுக்குத்தான். "ரொம்ப சந்தோஷம்" என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு கடையில் ஈ காக்கை இல்லை. புதிதாக வந்த ஆளுயரக் கண்ணாடிகள் தெருவைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம். ஒரு மேகம் முதல் கண்ணாடியில் நுழைந்தது, மூன்றாவதில் வெளியே வந்தது, நடுவில் எங்கே போனது என்று தெரியவில்லை. உன் ஊருக்குத்தான் வந்திருக்கும்.

உடம்பு எப்படி இருக்கிறது? அந்தக் காற்றுக்கு நன்றாகத்தான் இருக்கும். விடுமுறைக்கு எப்போது வருகிறாய்? பத்தாம் தேதி வாக்கில் வந்துவிடு.

உன்,
கண்ணாடிக்காரன்


ஜூன் 21

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

உங்கள் கடிதத்துக்கு முன்பே செய்தி இங்கே வந்துவிட்டது.

தாளாளர் திங்கட்கிழமை கணக்கு டீச்சரைக் கூப்பிட்டு, "ரெண்டாவது பெஞ்ச் தாண்டினா உங்க குரல் தொலைஞ்சு போயிடுதாமே? நாளையிலேர்ந்து மூணாம் வகுப்பு எடுத்துக்குங்க, அங்க பெஞ்சே ரெண்டுதான்" என்றாராம். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

'குரல் தொலைஞ்சு போயிடுது' என்பது அந்த டீச்சரின் வார்த்தை. உலகத்தில் என்னிடம் மட்டும்தான் அதைச் சொல்லியிருந்தார். நான் உங்களிடம் மட்டும்தான் எழுதினேன். அவருக்கு வேறு ஆதாரம் எதற்கு? தாழ்வாரத்தில் என்னைப் பார்த்தபோது நின்றுகூடத் திட்டவில்லை. "நல்லா இருங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

என் தொழிலை நீங்கள் 'வாத்தியாருக்கு டியூஷன்' என்று கேலி செய்வீர்கள். ஒரு டீச்சர் தன் வகுப்பில் எதை மாற்ற ஆசைப்படுகிறார் என்று அவரே சொல்லவேண்டும். ஒரே ஒரு விஷயம். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அதை மட்டும் பார்ப்பேன். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவோம். அடுத்த வாரம் மறுபடி பார்ப்பேன். வேறு மந்திரம் கிடையாது. பார்த்தது அந்த அறையின் நிலைப்படியைத் தாண்டாது என்கிற நம்பிக்கை ஒன்றுதான் மூலதனம். உங்களுக்குப் புரிகிற பாஷையில் எழுதியிருக்கிறேன்.

மார்ச் மாதத்தோடு என் காலம் முடிகிறது. நான் போன பிறகும் அவர்களே ஒருவர் வகுப்பில் ஒருவர் உட்காரவேண்டும், பேசவேண்டும். அதற்காகத்தான் உங்களை விட்டு இவ்வளவு தூரம் வந்தேன். இப்போது அறிவியல் சார் வகுப்புக்குப் போனால் பிள்ளைகள் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். கேள்வியும் மனப்பாடம், பதிலும் மனப்பாடம். ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்று, டம்ளரில் கரண்டி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

உடைந்த கண்ணாடி ஒட்டாது என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் கடைத்தெருவில் அந்த வசனம் ரொம்ப மலிவு. எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் இனிமேல் என் கடிதத்தில் வேலை இருக்காது. மழையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள்,
டீச்சர்


ஜூலை 2

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடி படித்தேன், வீட்டில் உட்கார்ந்து படித்தேன். எப்படிப் படித்தாலும் அதேதான் எழுதியிருக்கிறது.

வாய் இருக்கிறதே, அதற்கு ஷட்டர் போட ஆள் இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன்: தப்பு நடந்துவிட்டது, சரக்கை மாற்றிக் கொடுத்துவிட்டால் போகிறது. தாளாளரிடம் நானே பேசி அந்தம்மாவைப் பழைய வகுப்புக்கே போடச் சொல்லட்டுமா? கண்ணாடி விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் கேட்பார். இல்லை, உன்னை வகுப்புக்குள் விடுகிற டீச்சர்களுக்கெல்லாம் நம் கடையிலிருந்து ஆளுக்கு ஒரு சுவர்க் கண்ணாடி அனுப்பட்டுமா? நல்ல சட்டம் போட்டு அனுப்புகிறேன்.

போனில் பேசினால் பேரம் பேசுகிறேன் என்று சொல்லி, கடிதம்தான் என்று விதி வைத்தவள் நீ. இப்போது கடிதத்துக்கும் விதி வைத்தால் நான் எங்கே போவேன்? உன் வகுப்பறைகளைப் படித்துப் படித்து அந்தப் பிள்ளைகள் எந்தப் பெஞ்சில் உட்காருவார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும். கடையை மூடிவிட்டு வந்தால் அங்கேதான் போய் உட்காருவேன். உள்ளே விடமாட்டாயா? விடுவாய், எனக்குத் தெரியும்.

உன்,
கண்ணாடிக்காரன்


ஜூலை 13

அன்புள்ளவருக்கு,

சுவர்க் கண்ணாடி வேண்டாம். தாளாளரிடம் நீங்கள் பேசவும் வேண்டாம்.

இங்கே நான்கு நாளாக மழை. ஆறு நிறம் மாறிவிட்டது. காலையில் படகில் வரும்போது கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. படகு ஓட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுகிறார், திறந்தாலும் ஒன்றுதான் என்கிறார்.

சௌக்கியம்.

டீச்சர்


ஜூலை 29

அன்புள்ளவருக்கு,

மழை விடவில்லை. மேகம் மாடிப்படி ஏறி வந்து தாழ்வாரத்தில் நிற்கிறது. குடைகளை விரித்தபடி காயவைத்திருக்கிறோம், கறுப்புக் குடைகள் வரிசையாகத் தூங்குகின்றன. சத்தம் போட்டால் எழுந்து பறந்துவிடும் போலிருக்கிறது.

சௌக்கியம்.

டீச்சர்


ஆகஸ்ட் 9

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் மழைக் கடிதங்கள் கிடைத்தன. நன்றாகத்தான் எழுதுகிறாய். ஆனால் அந்த மழையில் ஒரு மனுஷர் இல்லை, படகுக்காரரைத் தவிர.

போன வாரம் ஒரு கனவு. நம் கடை உன் பள்ளிக்கூடமாகியிருக்கிறது. எல்லாச் சுவரும் கண்ணாடி. ஒவ்வொரு அறையிலும் பாடம் நடக்கிறது, டீச்சர்களின் வாய் அசைகிறது, சத்தமே இல்லை. கடைசி பெஞ்சில் நீ முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாய். நான் கண்ணாடியைத் தட்டுகிறேன். தட்டுகிற இடத்திலெல்லாம் மழை ஒழுகுகிறது. நீ திரும்பவில்லை. காலையில் எழுந்து டீ போட்டேன், குடிக்கப் பிடிக்கவில்லை.

கனவு கிடக்கட்டும். தாளாளர் நேற்று மறுபடி வந்தார். கண்ணாடி விலையெல்லாம் பேசி முடித்துவிட்டுக் கேட்டார்: "அப்புறம்? அடுத்து யாரு வீக்குன்னு எழுதியிருக்காங்க?"

"தெரியாதுங்க."

"அட, நமக்குள்ள என்ன சார்? சும்மா சொல்லுங்க."

"சத்தியமா தெரியாதுங்க. என் பொண்டாட்டி மழையைப் பத்தி மட்டும்தான் எழுதறா."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "போன தடவை சொன்னீங்களே" என்றார். "போன தடவை புத்தி கெட்டுச் சொன்னேன். இனிமே தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். உங்க ஜன்னலுக்கு எவ்வளவு கண்ணாடி வேணுமோ அதைக் கேளுங்க, உங்க டீச்சருங்களைப் பத்தி என் கடையில கேக்காதீங்க" என்றேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். ஆர்டர் வருமா, வராதா, தெரியாது. சைக்கிளில் கண்ணாடி கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினபோது என்னிடம் எந்தத் தாளாளர் ஆர்டர் கொடுத்தார்?

இதற்காக நீ வேலையைப் பற்றி எழுதவேண்டும் என்று கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

உன்,
கண்ணாடிக்காரன்


செப்டம்பர் 18

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

இன்று மழை இல்லை. அதனால் வேறு எழுதுகிறேன்.

உங்கள் கடையிலிருந்து திரும்பிய தாளாளர் நேராக ஆசிரியர் அறைக்கு வந்தார். எல்லோரும் இருந்தோம். "உங்க வீட்டுக்காரர் பெரிய ஆளா இருக்காரும்மா. ஒரு விஷயம் கேட்டா, ஊர்ல மழை பெய்யுதுங்கிறார்!" என்று பொரிந்து தள்ளிவிட்டுப் போனார். பிறகு ஜன்னலோரத்திலிருந்து ஒரு சிரிப்பு. கணக்கு டீச்சர். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

இரண்டு நாள் கழித்து என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், ரெண்டு வருஷமா நீங்க எங்க எல்லார் வகுப்பையும் பாத்தீங்க. உங்க வகுப்பை யாராவது பாத்திருக்கோமா?"

"இல்ல."

"நாங்க பாக்கணும்."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வந்தவள் பிள்ளைகள் முன்னால் நின்று எத்தனை காலம் ஆயிற்று! ஆனால் கேட்டது சரி. ஏழாம் வகுப்பில் பாடம் எடுத்தேன். கணக்கு டீச்சரும் அறிவியல் சாரும் இன்னும் மூன்று பேரும் கடைசி பெஞ்சில். வெயில் சாய்ந்து வந்து சாக்பீஸ் தூளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. என் குரல் எனக்கே தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கிற மாதிரி இருந்தது. மணி அடித்தபோது எவ்வளவு நேரம் ஆயிற்று என்றே தெரியவில்லை.

கணக்கு டீச்சர் சொன்னார்: "மேடம், கேள்வி கேக்கறீங்க. புள்ளைங்க வாயைத் திறக்கறதுக்குள்ள பதிலையும் நீங்களே சொல்லிடறீங்க. ஒண்ணு ரெண்டு தடவை இல்ல, ஒவ்வொரு தடவையும்."

அறிவியல் சார், "நான் எண்ண ஆரம்பிச்சு பாதியில விட்டுட்டேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். எனக்குக் காது சுட்டது. ஆனால் அந்த நிமிஷத்தில்தான் கதவு திறந்தது. மறுவாரம் அதே பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு வாயை இறுக்கிக்கொண்டு நின்றேன். அந்த மௌனம் எவ்வளவு நீளம் தெரியுமா? ஆற்றைக் கடக்கிற நீளம். கடைசியில் ஒரு பிள்ளை கையைத் தூக்கியது.

இப்போது அவர்களாகவே இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்துகொண்டு ஒருவர் வகுப்பில் ஒருவர் உட்காருகிறார்கள். யாரோடு யார் என்பதைக்கூட என்னைக் கேட்கவில்லை. எல்லோரும் சேர்ந்து தாளாளரிடம் போய், பள்ளிக்கூடமாக என்ன கற்றுக்கொண்டோம் என்று பருவத்துக்கு ஒருமுறை சேர்ந்து சொல்கிறோம், தனி ஆள் பற்றிக் கேட்கக்கூடாது, வாரத்தில் ஒரு மணி நேரம் இதற்காகவே ஒதுக்கவேண்டும் என்றார்கள். பேசியவர் யார் தெரியுமா? தெரியவேண்டாம். குரல் அறை முழுக்கக் கேட்டது. தாளாளர் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். கணக்கு டீச்சருக்குப் பழைய வகுப்பைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். "இந்த வருஷம் வேண்டாம், மூணாம் வகுப்புப் புள்ளைங்களைப் பாதியில விட்டுட்டு வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டார் அவர். அந்தக் கணக்கில் நீங்கள் இன்னும் கடன்காரர்தான், மறந்துவிடாதீர்கள்.

உங்கள் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்துப் படித்தேன். சிரிப்பாக வந்தது. "எப்போது வருகிறாய்? பத்தாம் தேதி வாக்கில் வந்துவிடு." "விடமாட்டாயா? விடுவாய்." என் வகுப்பேதான்! இருபது வருடமாக ஒரே வீட்டில் இருந்து யாருக்கு யார் சொல்லிக்கொடுத்தோம்?

என் நிபந்தனைகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். பேரம் பேசாமல் படியுங்கள். சம்மதமானால் எழுதுங்கள், இல்லாவிட்டாலும் எழுதுங்கள்.

உங்கள்,
டீச்சர்


செப்டம்பர் 27

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் தாளைப் படித்தேன். பேரம் பேசக் கை துறுதுறுத்தது. எழுந்து போய் ஒரு சுற்றுத் தெருவில் நடந்துவிட்டு வந்தேன். விளக்கெல்லாம் தூறலில் கரைந்து தெரு முழுக்க மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது. எதிரே வந்தவர்கள் எல்லோரும் தூக்கத்தில் நடக்கிறவர்கள் போல மெதுவாக நடந்தார்கள். நானும் அப்படித்தான் தெரிந்திருப்பேன்.

அந்த டீச்சருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. நீ படிக்காமல் கொடு. அவர் படிக்க விரும்பாவிட்டால் அதுவும் அவர் இஷ்டம்.

வியாபாரத்தில் வாய்ப்பேச்சு போதும் என்பேன் எப்போதும். இதை மட்டும் எழுத்தில் வைக்கிறேன், பின்னால் நானே மாற்றிப் பேசாமல் இருக்க.

நீ வகுப்பைப் பற்றி எழுதலாம், வகுப்பில் நின்றவர் யார் என்று எழுதமாட்டாய். கணக்கு, அறிவியல் என்றுகூட எழுதமாட்டாய். எனக்கு யோசனை தோன்றினால் சொல்லட்டுமா என்று முதலில் கேட்பேன், நீ வேண்டாம் என்று எழுதினால் அந்த யோசனை என்னோடு. உன் கடிதத்தில் இருப்பதைக் கடையில் வாயிலெடுக்கமாட்டேன், புகழ்ச்சியாக இருந்தாலும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வருவேன், படகுத்துறையோடு நிற்பேன், பள்ளிப் பக்கம் வரமாட்டேன். மார்ச்சுக்குப் பிறகு நீ எங்கே இருப்பாய் என்பதை நீ சொல்வாய். நான் கேட்டால் ஒருமுறை கேட்பேன், பதிலுக்குக் காத்திருப்பேன்.

உன் பங்குக்கு, வாரம் ஒரு கடிதம். அதில் பாதிப் பக்கமாவது மழை.

சம்மதம்.

உன்,
கண்ணாடிக்காரன்