ஒரே ஒருதரம் கூப்பிட்ட மச்சானுக்கு

எனக்கு மலை காட்டிய என் மச்சான் கனகலிங்கத்துக்கு,

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல உன் மனைவி, என் தங்கச்சி பவளம், எழுதுகிறாள். லண்டன் மிச்சம் பகுதியில், உன் வீட்டுக் குசினி மேசையில் இருவரும் இருக்கிறோம். உன் கதிரை வெறுமையாய்க் கிடக்கிறது. உன் சைக்கிள் வாசல் நடையில் சாத்தியபடி நிற்கிறது. அதை ஒருவருக்கும் கொடுக்க அவள் விடுகிறாள் இல்லை.

புதினம் என்றால், நீ வேலைக்குப் போய்வந்த ரயிலை நிறுத்திவிட்டு அந்தப் பாதையில் டிராம் விடப் போகிறார்களாம். தோர்ண்டன் ஹீத் கடையில் இப்போது நல்ல முருங்கைக்காய் கிடைக்கிறது. வாங்கினால் யார் சாப்பிடுவது? இவள் ஒன்றைக் கடித்துவிட்டு வைத்துவிடுவாள்.

வருகிற மாதம் உன் ஆண்டுத் திவசம். அதற்கு ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறோம். உன் படத்துக்குக் கீழே போடப் பவளம் ஒரு வரி எழுதி வாசித்துக் காட்டினாள். "ஒருவரையும் கூப்பிடாமல், ஒரு சத்தமும் இல்லாமல் உறங்கிப் போனீர்." நல்லாயிருக்கோ அண்ணை என்று கேட்டாள். என்னால் தலையாட்ட முடியவில்லை. இது அச்சுக்குப் போகுமுன் உன் புருசனுக்கு நான் ஒரு கடிதம் சொல்ல வேண்டும், எழுது என்றேன். அந்த மலரைப் படிக்கிறவர்களும் கேட்கட்டும்.

மச்சான், நீ லண்டனுக்கு வருமுன், எண்பதுகளில், ஏஜென்ட் உன்னை இத்தாலியில் இறக்கிவிட்டுப் போனான். எட்டு மாதம் ஒரு மலைப்பக்கத்துத் தோட்டத்தில் வைன் வடிக்கிற முந்திரிகைப்பழம் பறித்தாய். அதற்குப் பிறகு எத்தனை வருசம் அந்த மலைத்தெருவின் கதையைச் சொல்லியிருப்பாய்! மழைக்குள் பஸ்சுக்கு நிற்கும்போதும் அதுதான். "அந்த ரோட்டிலை சைக்கிள் ஓடினால் உன்ரை மூச்சு உனக்கே கேக்கும், மச்சான்." போன வருசம் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் என்னையும் அங்கே இழுத்துக்கொண்டு போனாய்.

அந்தத் தோட்டத்துக் கிழவன் உன்னை மறக்கவில்லை. கட்டிப்பிடித்து அழுதான். தன் வீட்டுச் சைக்கிள் இரண்டைத் துடைத்துத் தந்தான். யாழ்ப்பாணத்தார் இருவர் மலையில்! மதகு ஏறுவதுதான் நாங்கள் பழகிய மலை.

"கியரை மாத்தடா, முழங்கால் கழலப் போகுது!" என்று கத்தினாய்.

"எந்தக் கியர்? இதிலை கனக்கக் கிடக்குதே!"

"பென்சன் எடுக்கிற வயசிலை உனக்குச் சைக்கிள் பழக்க வேண்டிக் கிடக்கு."

நீ சொன்னது உண்மை. மூச்சு கேட்டது. அது ஒன்றுதான் கேட்டது. மத்தியானம் ஊர் ஊராகக் கதவும் ஜன்னலும் சாத்திக் கிடந்தன. ஒரு நாய் எங்களைப் பார்த்து எழும்பியது, குரைக்கவில்லை. உயரமான கறுத்த மரங்கள் தெருவோரம் ஆட்கள் போல வரிசையாய் நின்றன. ஒரு சூரியகாந்தித் தோட்டத்தைக் கடந்தோம். அத்தனை பூவும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. உன்னிடம் சொல்லவில்லை, சிரிப்பாய் என்று.

தெரு வளைகிற ஒவ்வொரு முடக்கிலும் ஒரு சின்ன மாதா கூடு. கோயிலைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவது எங்கள் பழக்கம். நீ மாதாவுக்கும் இறங்கினாய். "மாதாவும் அம்மன்தானே, இறங்கடா." சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கும்பிட்டாய். முதல் நாள் நானும் இறங்கினேன். மூன்றாம் நாள் எனக்கு அலுத்துவிட்டது.

"உன்ரை அம்மன் முடக்குக்கு முடக்கு நிக்கிறா. நீ இறங்கி ஏறி வா. நான் மெல்லமாய் முன்னாலை போறன்."

"போ, போ. இறக்கத்திலை பிரேக்கைப் பிடி" என்றாய். அதுதான் நாங்கள் கடைசியாகக் கதைத்தது என்று பவளத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

பவளம், இனித்தான் கவனமாய் எழுத வேணும்.

கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஊரில் மணி அடித்தது. எண்ணினேன், பன்னிரண்டு. அடுத்த முடக்கை நான் தாண்டிவிட்டேன். நீ கீழே, எனக்குத் தெரியாத இடத்தில். கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகள் ஒரேயடியாய் நின்றன. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"சின்னராசா."

உன் குரல்தான். ஆனால் ஒரு முடக்குக்குக் கீழே நிற்கிறவனின் குரல் போல இல்லை. என் பின்சீற்றில் இருந்துகொண்டு பிடரியில் சொன்னது போல இருந்தது. நாற்பது வருசத்தில் நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. மச்சான் என்பாய், டேய் என்பாய்.

உச்சிப்பொழுதில் ஆளில்லாத தெருவில் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பக்கூடாது, பதில் சொல்லக்கூடாது. மனிதர் என்றால் மூன்றுதரம் கூப்பிடுவார்கள். மற்றது ஒருதரம்தான் கூப்பிடும். இதை எங்களுக்கு ஒருவரும் இருத்தி வைத்துச் சொல்லித் தரவில்லை. நடக்கப் பழகும்போதே பழகியது. நீயும் அப்படித்தான் வளர்ந்தாய்.

நான் சைக்கிளை மெதுவாக்கி இரண்டாம்தரத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. மிதித்தேன். ஏற்றம் முடிந்து இறக்கம் வந்தபோதும் பிரேக்கைத் தொடவில்லை.

கீழே ஒரு ஊர், ஒரு தண்ணீர்க் குழாய். முகம் கழுவினேன். உனக்கும் போத்தலில் நிரப்பினேன். அரை மணித்தியாலம் நின்றேன். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்ப ஏறினேன். நீ மாதா கூட்டின் மதிலில் சாய்ந்து இருந்தாய். சைக்கிள் ஸ்டாண்டில் ஒழுங்காய் நின்றது. சப்பாத்து இரண்டும் பக்கத்தில் சோடியாய் இருந்தன. உன் கண் திறந்தபடி, நான் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

இருதயம் என்றார்கள். டாக்டர் கையால் சைகை காட்டிக் கேட்டார், கூப்பிட்டாரா என்று. நான் இல்லை என்று தலையாட்டினேன். அன்று பின்னேரம் போனில் பவளத்துக்கும் அதையே சொன்னேன். ஒரு சத்தமும் இல்லை, நித்திரை மாதிரி என்று. திரும்பியிருந்தால் நீ இருந்திருப்பாயா? எனக்குத் தெரியாது. அந்த டாக்டரிடம் கேட்கவும் எனக்குப் பாஷை இல்லை. ஆனால் நீ கூப்பிட்டாய், மச்சான். நான் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு நாலுதரம் அந்தக் குரல் கேட்டிருக்கிறது. மிச்சம் ஊர்ப் புல்வெளியில் நடக்கும்போது இரண்டுதரம். பஸ் வரிசையில் ஒருதரம். மனோர் பார்க் முருகன் கோயிலுக்கு மத்தியானப் பூசைக்குப் போனபோது, அத்தனை சனத்துக்குள்ளும் ஒருதரம். ஒவ்வொரு முறையும் பெயர் மட்டும். ஒவ்வொரு முறையும் ஒருதரம் மட்டும். இன்னும் நான் திரும்பவில்லை.

இந்த இடத்தில் பவளம் பேனையை வைத்துவிட்டாள். எழுந்துபோய்க் கேத்திலைப் போட்டாள். தண்ணீர் கொதித்து நின்றது, தேத்தண்ணி ஊற்றவில்லை. இந்த வீட்டுக்கு இனி நான் வர ஏலாது என்றுதான் நினைத்தேன். அவள் யன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"அண்ணை, அண்டைக்கு நான் இஞ்சை வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டனான். வாசல் பக்கத்திலையிருந்து 'பவளம்' எண்டு ஒரு குரல்."

"ஆர்?"

"இவர்தான். ஆனால் இவர் எப்பவும் இஞ்சாரும் எண்டுதானே கூப்பிடுறவர். கலியாணம் கட்டி ஒருநாளும் பேர் சொன்னதில்லை. ஓம் எண்டு வாய்க்கு வந்திட்டுது. நாக்கைக் கடிச்சிட்டன். இரண்டாம்தரம் வரட்டும் எண்டு நிண்டனான்."

"எத்தனை மணி?"

"பதினொண்டு. உச்சிப்பொழுதும் இல்லை, அண்ணை."

இங்கே பதினொன்று என்றால் அங்கே பன்னிரண்டு. எங்கள் இரண்டு பேருக்கும் மணிக்கூடு பார்க்கத் தெரியும். ஒரு வருசமாய் அவளும் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். அவளாகவே வந்து இருந்தாள். படத்துக்குக் கீழே போட இருந்த வரியை வெட்டினாள். "ஒருவரையும் மறக்காமல் கூப்பிட்டுப் போனீர்" என்று எழுதி எனக்கு வாசித்துக் காட்டினாள். இப்போது தலையாட்டினேன்.

மச்சான், திவசம் முடிய நானும் பவளமும் அந்த மலைக்குப் போகிறோம். அந்தக் கிழவனிடம் அதே சைக்கிளைக் கேட்பேன். ஒவ்வொரு மாதாவுக்கும் இறங்குவேன். மணி பன்னிரண்டு அடிக்கும்போது அந்த முடக்கில் நிற்பேன். மூன்றுதரம் தேவையில்லை. நீ ஒருதரம் கூப்பிடு, நான் திரும்புவேன்.

கைநாட்டு வைக்க மையைத் தொட்டபோது பவளம் வாசல் பக்கம் நிமிர்ந்து பார்த்து "ஓம்" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் நானும் திரும்பி "ஓம், மச்சான்" என்றேன்.

உன் பெண்சாதியின் தமையன்,
உனக்கு முன்னால் போய்விட்ட உன் மச்சான்,
சின்னராசா (கைநாட்டு)

எழுதியவள்: உங்கள் இஞ்சாரும்