கோட்டுக்கு இந்தப் பக்கம்

அக்கா,

நேற்று போட்டியை முடித்துவிட்டேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம், மூன்றும்தான். வழக்கம்போல ஆமை வேகம்.

கரையில் நீச்சல் தொப்பியை எடுத்ததுமே உன் ஞாபகம். உன் கூந்தல் எந்தத் தொப்பிக்குத்தான் அடங்கியது? நான் இழுத்து மாட்ட, "அடியே, தலையைப் பிடுங்காதடி!" என்று நீ கத்த, பக்கத்தில் இருப்பவர்களெல்லாம் சிரிப்பார்கள்.

சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் இரண்டும் கல்லாகிவிட்டன. ஓட்டம் என்று பேர்தான், பாதி தூரம் நடந்தேன். எல்லைக்கோட்டுக்கு ஓரடி முன்னால் பழக்கதோஷத்தில் நின்றுவிட்டேன். யார் முன்னால் வந்தாலும் அங்கே காத்திருந்து, கைகோர்த்துத்தானே தாண்டுவோம்? நம்மில் யாரும் கடைசி ஆகக்கூடாது என்பது நீ போட்ட சட்டமாயிற்றே.

"ஏம்மா நின்னுட்டீங்க? பின்னால யாரும் இல்லையே" என்றார் நேரம் குறிப்பவர்.

"எங்க அக்கா வருவா" என்று வாய் தவறி வந்துவிட்டது. பாவம், அவரும் சாலையை எட்டிப் பார்த்தார். அப்புறம் தனியாகத்தான் தாண்டினேன்.

வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்ததா?

அடுத்த வருடத்துக்கு நம் இரண்டு பேர் பேரையும் கொடுத்துவிட்டேன். 'இப்போ தொப்பி சுலபமா மாட்டலாம்' என்று சிரிக்காதே. அதற்குள் முடி வளர்ந்துவிடும். நான் இழுப்பேன், நீ கத்து.

மெதுவாகவே வா. நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பேன்.

உன் வாலு