சிரிக்காமல் போனவளுக்கு

இன்று காலை காஸ்ட்யூம் அண்ணன் கொடுத்துவிட்டுப் போன ஜாக்கெட்டில் உன் வாசனை இருந்தது. சலவைக்குப் போய் வந்த துணிதான். ஆனாலும் நீ அள்ளிப் பூசிக்கொள்ளும் சந்தனப் பவுடர் தையலுக்குள் எங்கேயோ மிச்சமிருந்தது. பச்சைப் பட்டு, அரக்குக் கரை. நம் டி.வி. தொடரில் வரும் மூத்த மருமகளின் கல்யாணப் புடவை. இதைக் கட்டிக்கொண்டு நீ மணவறையில் உட்கார்ந்ததை மதுரையே பார்த்தது. இதையே கட்டிக்கொண்டு இன்றைக்கு நான் சாக வேண்டும்.

சாகப்போவது மூத்த மருமகள்தான், நான் இல்லை. இதைக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன். இளைய மருமகள் பாலில் விஷத்தைக் கலந்து கொடுத்து மூத்தவளைத் தீர்த்துக்கட்டுகிறாள், கதையை அப்படி மாற்றிவிட்டார்கள். அதோடு விட்டார்களா? சாவு வீட்டுக் காட்சியை எடுக்க அலங்காநல்லூரில் வீடு பிடித்திருக்கிறார்கள். உன் வீட்டுக்கு அடுத்த தெருவில்.

எனக்குப் பயமாக இருக்கிறதடி. என்ன பயம் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது.

பசுமலையில் நாம் படித்துக்கொண்டிருந்தபோது மேலூர்ப் பக்கம் நடந்த சினிமா ஷூட்டிங்குக்கு உன்னைக் கூப்பிட்டார்கள். கல்லூரி நாடகத்தில் ராணியாக நின்று அரங்கத்தையே மிரட்டியவளுக்கு அவர்கள் கொடுத்த வேஷம் பிணம். நானாக இருந்தால் அழுதிருப்பேன். நீயோ பஸ்ஸில் போகும்போதே விழுந்து விழுந்து சிரித்தாய். "வசனமே இல்லடி. மூச்சு விடாமப் படுத்துக் கெடக்கணும், அம்புட்டுத்தேன். எங்கம்மா கரும்பு வெட்டுற வேலைக்கு இது எம்புட்டோ மேலு."

ஷாட் முடிந்ததும் உதவி இயக்குநர் ஓடி வந்தார். "தங்கச்சி, கேமராவப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சிட்டுப் போம்மா. செத்த மாதிரி நடிச்சவங்க எந்திரிச்சுச் சிரிக்கணும், அதையும் எடுத்து வச்சுக்குவோம். அதுதேன் வழக்கம்."

"பஸ் போயிரும்ணே. விடிஞ்சாப் பரீட்சை. உசுரோடதான இருக்கேன், பாத்துக்கங்க" என்று நெற்றியில் ஒட்டியிருந்த காசைப் பிய்த்து அவர் கையில் வைத்துவிட்டு நீ ஓடினாய். மேக்கப் போட்ட அக்கா மட்டும், "சிரிக்காமப் போகாத தாயி" என்று பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தார். எனக்கும் அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அந்தப் படம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நீ போட்ட வேஷமெல்லாம் ஏறுமுகம். கதாநாயகிக்குத் தோழி, வில்லனுக்குத் தங்கை, அப்புறம் இந்த மூத்த மருமகள். மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பெண்கள் கூடிவிடுவார்கள். பூக்கார அம்மா ஒருத்தி உன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏத்தா மருமகளே, ஒன் ஓரகத்தி சரியில்ல, சூதானமா இருந்துக்க" என்று புத்தி சொன்னாள். "சரிங்கம்மா, இருந்துக்கிறேன்" என்று நீயும் தலையாட்டினாய். நகர்ந்து வந்ததும் என் காதில், "பூவுக்குக் காசே வாங்கலடி, நான் ஸ்டாராயிட்டேன்" என்றாய்.

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வீட்டுக்கு வரக் கிளம்பியவள் கொட்டாம்பட்டி வரைக்கும் வந்துவிட்டாய். விடிகிற நேரம். டிரைவர் கண் அசந்துவிட்டார் என்றார்கள். வேறு எதுவும் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் நான் விரும்பவில்லை. அந்த ரோட்டில் போகும்போதெல்லாம் இப்போதும் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

மூத்த மருமகள் விபத்தில் இறந்துவிட்டதாகக் காட்டி, உன் படத்துக்கு மாலை போட்டு, கதையை நகர்த்திவிடலாம் என்றுதான் கம்பெனியில் நினைத்தார்கள். உங்கம்மா சென்னைக்கே போய் நின்றார். "டி.வி.ல எம்மக போட்டோவுக்கு மாலையப் போட்டுறாதீங்கய்யா. வீட்டுல போட்டது போதும்." அதனால் ஆள் தேடினார்கள். சாயல் இருக்கிறது, அளவும் சரியாக இருக்கிறது என்று மதுரையில் மேடை நாடகம் போட்டுக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்கள். 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் எழுத்து ஓட, உன் தாலியையும் வளையலையும் போட்டுக்கொண்டு நான் நடந்து வந்தேன். "அவ மாதிரி வருமா" என்று திட்டிய ஊர் கொஞ்சம் கொஞ்சமாக என்னையும் மருமகளே என்று கூப்பிடப் பழகியது. இப்போது ஜவுளிக்கடை விளம்பரத்தில் என் முகம் இருக்கிறது. அண்ணாந்து பார்க்கும்போது சந்தோஷம் வரவேண்டும் இல்லையா? நான் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

யூனிட்டில் பேச்சு வேறு. "அந்தப் புள்ள மொதப் படத்துல சிரிக்காமப் போச்சாம்ல. அதேன் இப்பிடி." நான் பிஎஸ்ஸி பிசிக்ஸ் படித்தவள், இதையெல்லாம் நம்பமாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உடம்பு கேட்கவில்லை. மூத்த மருமகள் சாகிறாள் என்று தெரிந்ததிலிருந்து சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுகிறேன்.

அதைவிடப் பெரிய பயம் உங்கம்மா. அவர் கெஞ்சிக் காப்பாற்றிய மூத்த மருமகளையே சாகக்கொடுக்கப் போகிறேன் என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? ஆனாலும் நேற்றுப் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், "ஊரே சொல்லுது, தெரியும்" என்றார்.

"என்னால ஒண்ணும் பண்ண முடியலம்மா."

"நீ என்னத்தப் பண்ணுவ. நடிக்கிறவதான நீயி. நானும் வாரேன்."

"வேணாம்மா. நீங்க அதைப் பாக்க வேணாம்."

வாளியைக் கீழே வைத்தார். "எம்மகள மூடிக் கொண்டாந்தானுங்க. மொகத்தக் கூடக் காட்டல. ஒன்னைய நான் பாக்காம விடமாட்டேன்."

இன்று மத்தியானம் ஷூட்டிங் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு என்னைக் கிடத்தினார்கள். நாடிக்கட்டு, நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு. மாரடித்து அழ உள்ளூர்ப் பெண்களையே அழைத்திருந்தார்கள். கேமரா ஓட ஆரம்பித்ததும் முதலில் நடிப்பாகத்தான் அழுதார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி உன் பேரைச் சொல்லி அழுதாள். அடுத்தவளும் சொன்னாள். பிறகு எல்லோரும் உன் பேரைச் சொல்லியே ஒப்பாரி வைத்தார்கள். டைரக்டர் நிறுத்தவில்லை. இமைக்குள் எனக்கு இருட்டிக்கொண்டு வந்தது. இப்படியே போய்விடுவேன், இனி எழவே முடியாது என்று நிஜமாகவே நினைத்தேன். அத்தனை சத்தத்திலும் உங்கம்மாவின் குரல் மட்டும் கேட்கவில்லை. அதுதான் என்னை ரொம்பவும் பயமுறுத்தியது.

கட் சொன்னார்கள். நான் கண்ணைத் திறப்பதற்குள் உங்கம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். "அவள எந்திரிச்சுச் சிரிக்கச் சொல்லுங்கய்யா." நீ சிரிக்காமல் வந்த கதையை நீயே என்றைக்கோ வீட்டில் வேடிக்கையாகச் சொல்லியிருப்பாய் போலிருக்கிறது. எழுந்து உட்கார்ந்து பல்லைக் காட்டினேன். ஓகே என்றார் கேமராமேன்.

"என்ன ஓகே? அது சிரிப்பே இல்ல. இன்னொரு தடவ எடுங்க."

யூனிட் மொத்தமும் டைரக்டரைப் பார்த்தது. அவர் மறு பேச்சுப் பேசாமல், "எடுங்கப்பா" என்றார். மறுபடியும் சிரித்தேன்.

"பயந்துக்கிட்டே சிரிக்கிறாய்யா. இப்பிடி அனுப்புனா நான் ஒத்துக்கமாட்டேன். திரும்ப எடுங்க." சொல்லிக்கொண்டே பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்தவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். நாடிக்கட்டை அவிழ்த்தார். பிறகு என் மூக்கிலிருந்த பஞ்சை வெடுக்கென்று பிடுங்கினார். "இத வச்சுக்கிட்டு எவளுக்குடி சிரிப்பு வரும், கூறுகெட்டவளே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. மாரடித்த பெண்கள் சிரித்தார்கள், லைட்மேன் சிரித்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. உங்கம்மா மட்டும் சிரிக்காமல் என்னை முழுசாகப் பார்த்து முடித்தார். "ம், இப்பச் சரி" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒருவரும் எங்களை எழுப்பவில்லை.

புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "இனிமே எந்தப் படத்துல செத்தாலும் எனக்கு ஒரு போனப் போடு. எங்கிட்டு இருந்தாலும் வந்து நின்னு பாத்துட்டுப் போறேன்."

பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அது என்னோடுதான் இருக்கிறது, இனியும் இருக்கும். சாயங்காலம் ஒரு சினிமாக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். கதாநாயகி வேஷம். கதையைச் சொன்னார்கள். கடைசியில் அவள் செத்துப்போகிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

முதலில் உங்கம்மாவுக்குப் போன் போட வேண்டும். அவர் வருகிறேன் என்றால் நான் நடிக்கிறேன்.